பாடினவள் கைக்கு

திண்டிவனம் பொதுஜன ரேடியோ சங்கத்தில் ரேடியோ கிடையாது.

ஒரு கிராமபோன், ஒரு மைக், சத்தத்தைப் பெருக்குகிற ஒரு பெட்டி, மோட்டார் பாட்டரி ஒன்று, நிலக்கடலை மண்டி முற்றத்துக் கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழாய். பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவே நாற்பது கஜம் கம்பி. ஒலிபரப்பு முழுக்க அந்த நாற்பது கஜத்துக்குள் முடிந்துவிடும். ஆகாயத்தில் ஓர் அலைகூடக் கிளம்பியதில்லை. ஆனால் ‘குழாய்ச் சங்கம்’ என்று பெயர் வைத்திருந்தால் விருத்தாசலம் தலைவராக வந்திருக்க மாட்டார். ரேடியோ என்றதும் வந்தார்.

விருத்தாசலம் மண்டிக்குச் சொந்தக்காரர். ராவ் சாகிப் பட்டம் இதோ வருகிறது என்று பதினோரு வருஷமாகக் கையெழுத்தில் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டே போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் பாட்டு முடிந்ததும் ‘தலைவர் உரை’ நடக்கும். முற்றத்தில் கடலை உடைக்கிற பெண்கள் வீட்டுக்குக் கிளம்ப அதுதான் மணி.

சங்கத்தை உண்மையில் நடத்தியவன் செயலாளர் தேவநாதன். மண்டியில் மூட்டை நிறுத்து எழுதுகிற குமாஸ்தா. தர்ட் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கிலீஷ் காகிதத்தைப் பார்த்தால் பயப்பட மாட்டான். காகிதம்தான் பயப்பட வேண்டும்.

சங்கத்துக்கு ஏழு விதிகள். ஆறு யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது விதி மட்டும் முற்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்: சங்கத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முழுசாகக் குழாயில் படிக்க வேண்டும். படிக்காத காகிதம் வராத காகிதம். இந்த விதி வந்ததற்குக் காரணம் தலைவர்தான். ஒருமுறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நமது சேவையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்” என்று அறிவித்து, சர்க்கரையும் வழங்கினார். சத்தத்தைக் குறைக்கும்படி எழுதியிருந்தார்கள் என்பது, சத்தம் குறையாததால் ஆள் வந்தபோதுதான் தெரிந்தது.

1938 சித்திரையில் பட்டணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிளி மார்க் கிராமபோன் கம்பெனி. தேவநாதன் விதிப்படி மைக் முன் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத் தமிழாக்கிப் படித்தான்.

“எங்க கம்பெனி பாட்டுப் பிளேட்டை நீங்க பொது எடத்துல போடறதா தெரிய வருது. பிளேட்டு விக்கிறது வீட்டுல கேக்கறதுக்கு. நாலு பேரு கேக்கப் போட்டா, பாட்டு உரிமைக்குன்னு தனியா பணம் கட்டணும். லைசென்சு வருசத்துக்கு முப்பத்தாறு ரூபாய். இல்லன்னா தடவைக்கு அரையணா. கட்டலன்னா கோர்ட்டு வழியா சாதனத்தை எடுத்துக்குவோம்.”

முற்றத்தில் கடலைத் தோல் நொறுங்குகிற சத்தம் நின்றது. சங்கத்திடம் இருந்த பதினாலு பிளேட்டில் கிளி மார்க் ஒன்றே ஒன்று. ஆனால் அதுதான் எல்லோரும் கேட்பது. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது போடாவிட்டால் முற்றத்தில் வேலை ஓடாது. ஒரு பக்கம் நடவுப் பாட்டு, மறுபக்கம் கும்மி. சிவப்புச் சீட்டில் கிளிப் படத்துக்குக் கீழே, ‘மிஸ் கோவிந்தம், கெடார்’. கெடார் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர்.

கடலை உடைக்கிறவர்களில் மூத்தவள் அஞ்சம்மாள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“ஏன் தேவநாதா, பாட்டுக்குக் கூலி கேக்கறாங்களா?”

“ஆமாக்கா.”

“நாயந்தான்.”

தேவநாதன் இதை எதிர்பார்க்கவில்லை.

“பின்ன இன்னா? நான் உடைக்கிறேன், கூலி வாங்கறேன். அவ தொண்டை கிழியப் பாடறா. அரையணா குடுத்தா கொறைஞ்சா போயிடுவோம்?”

“அவளுக்கு இல்லக்கா. கம்பெனிக்குக் கட்டச் சொல்றான்.”

“கம்பெனியா பாடிச்சு?”

முற்றம் சிரித்தது. ஆனால் அஞ்சம்மாள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த முற்றத்துக் கூலி முதலில் மேஸ்திரி கைக்குப் போகும். அங்கே கொஞ்ச நாள் ஓய்வெடுத்து, நன்றாக இளைத்த பிறகே பெண்களிடம் வந்து சேரும். ஒன்பது நாள் ஒரு கடலைகூட உடைக்காமல் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். அன்றிலிருந்து அங்கே சட்டம் ‘கைக்குக் கை’. உடைத்தவள் கையிலேயே கூலியை வைக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தவளுக்குக்கூட வீடு தேடிப் போய்த்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

“அது மேஸ்திரி வேலை,” என்றாள் அஞ்சம்மாள். “நடுவுல நின்னுக்கினு கை நீட்டறான். கெடாரு இன்னா சீமையிலயா இருக்குது? அவளையே தேடிப் புடி. அவ கையிலயே குடு.”

காசுக்கு வழி முன்பே இருந்தது. பாட்டு வேண்டுமென்றால் கம்பத்தடிக் கூடையில் ஒரு பிடி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட வேண்டும். சனிக்கிழமை அதை விற்றுத்தான் கிராமபோனுக்கு ஊசி வாங்குவார்கள். இனி ஊசிக்கு ஒரு பங்கு, பாடினவளுக்கு ஒரு பங்கு என்று ஆயிற்று.

தேவநாதன் அன்றே பதில் எழுதினான். “தங்கள் கடிதம் மிக நியாயமானது. தடவைக்கு அரையணா வீதம் பாடினவர் கையிலேயே கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொள்கிறோம். இதில் தங்களுக்கு யாதொரு சிரமமும் வேண்டாம்.”

தலைவர் அதைப் படிக்காமலே இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

பாட்டரிக்கு உயிர் விழுப்புரத்தில் இருந்தது. அங்கே பஸ் கம்பெனி ஷெட்டில்தான் சார்ஜ் ஏற்றுவார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் துரைக்கண்ணு அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போவான். சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் திரும்புவான். அதுவரை குழாய் ஊமை. துரைக்கண்ணு சங்கத்தின் மெக்கானிக், ஆப்பரேட்டர், சுமைகூலி. மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் இல்லை.

அவன் பஸ் டிரைவரிடம் விசாரித்தான். “கெடாரு கோவிந்தம்மாளா? பாடுவாளே, அவதான? விழுப்புரம் ஜங்ஷன் வாசல்ல அவிச்ச மல்லாட்டை விக்கிறா” என்றார் டிரைவர். சீமையில் தேட வேண்டியிருக்கவில்லை.

ஜங்ஷன் வாசலில், கூடைக்குப் பின்னால், முப்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெண்.

“கோவிந்தம்மாங்களா?”

“ஒரு ஆழாக்கு காலணா. பேரு கேட்டுக்கினு வாங்கறவன் நீதான் மொதோ ஆளு.”

“வாங்க வரலக்கா. நீங்க பாடினதுக்குக் காசு குடுக்க வந்தேன்.”

அவள் முகம் மாறியது. “யாரு செத்தது?”

“ஐயையோ, சாவு இல்லக்கா...”

“சாவுக்குப் பாடறத வுட்டு மூணு வருசமாச்சுப்பா. தொண்டை தாங்கல. வேற ஆளப் பாரு.”

“பிளேட்டுக்கா! பிளேட்டு! கிளிப் படம் போட்ட பிளேட்டு!”

கோவிந்தம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதுவா! அது இன்னும் உசுரோடவா இருக்குது?”

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாடகக்காரர் அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப்போனார். “ஒரு ரூம்பு. செவுரு பூரா கம்பளி மாட்டிக்கினு. பாடும்போது கையை ஆட்டாதேன்றான். கையை ஆட்டாம நடவுப் பாட்டு எப்படிப் பாடறது, நீயே சொல்லு?” இருபது ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தார்கள். ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். இன்னொரு காகிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். “சேலை கிழிஞ்சு கரித்துணியாவும் போயிடுச்சு. காகிதம் மட்டும் டின்னுல கிடக்குது. பிளேட்டை நான் கண்ணால பாத்ததோட சரி. எப்படி இருக்குதுன்னு கேட்டதில்ல. போடறதுக்குப் பெட்டி யாருகிட்ட இருக்குது?”

அந்த வாரம் பதினாலு தடவை போட்டதற்கு ஏழணாவைத் துரைக்கண்ணு எண்ணி அவள் கையில் வைத்தான். கைநாட்டுக்கு, மண்டியிலிருந்து கொண்டுவந்த மைத்துண்டையும் சங்கத்து நோட்டையும் நீட்டினான். அவள் காசைப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரு பொட்டலம் மல்லாட்டை கட்டி அவனுக்குக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

அப்படிப் பதினோரு சனிக்கிழமை நடந்தது. சங்கத்து நோட்டில் பதினோரு கட்டைவிரல்.

*

பட்டணத்தில் தேவநாதனின் பதிலைப் படித்தவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள். அப்புறம் சிரிப்பு நின்றிருக்கும். ஆடி மாதம் இன்னொரு கடிதம் வந்தது: வரும் சனிக்கிழமை பகல் ரயிலில் எங்கள் பிரதிநிதி ராயப்பன், பி.ஏ., நேரில் வருகிறார். அன்றைக்குள் முப்பத்தாறு ரூபாய் கட்டாவிட்டால் பெருக்கிப் பெட்டியையும் கிராமபோனையும் ஈடாக ஒப்படைத்துவிட வேண்டும். மறுத்தால் வழக்கு, செலவோடு.

அதையும் குழாயில் படித்தார்கள். சங்கத்தின் கையிருப்பு நாலு ரூபாய். செயலாளர் என்ற முறையில் வழக்கு தேவநாதன் பெயரில்தான் வரும். அவன் சம்பளமே மாசம் பதினெட்டு.

தலைவர் விருத்தாசலம் கலங்கவில்லை. “ஒப்படைத்துவிடுவோம். ஆனால் கௌரவமாக ஒப்படைப்போம். மாலை, சந்தனம், நான் ஒரு முக்கால் மணி நேரம் பேசுகிறேன்” என்றார். பட்டணத்து மனிதர் ஒருவருக்கு மாலை போட்டால் அது எங்கேயாவது மேலே போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு.

“ஐயா, பெட்டி போச்சுன்னா சங்கமே இல்லீங்களே,” என்றான் தேவநாதன்.

“பெட்டி இல்லாவிட்டால் என்ன? சங்கம் இருக்கும். நான் இருக்கிறேனே.”

அஞ்சம்மாள் அன்று தேவநாதனிடம் தனியாகச் சொன்னாள். “துரைக்கண்ணுவாண்ட சொல்லிவுடு. சனிக்கிழமை வரும்போது அவளையும் கூட்டிக்கினு வரச் சொல்லு. அவன் சொன்ன அந்தக் காகித டின்னையும் எடுத்துக்கினு வரணும்.”

“எதுக்குக்கா?”

“கைநாட்டு வாங்கினவன் காகிதம் குடுத்திருக்கான்னா அதுல ஏதோ எழுதித்தான இருப்பான்? வெத்துக் காகிதமா குடுப்பான்?”

*

சனிக்கிழமை பகல் ரயிலில் ராயப்பன் இறங்கினார். கோட்டு, சோலார் தொப்பி, கக்கத்தில் தோல் பை. ஆடி வெயிலில் கோட்டுக்குள் மனிதர் அவிந்துகொண்டிருந்தார், ஆனால் கழற்றவில்லை. தலைவர் மாலை போட்டார். சந்தனம் கொடுத்தார். பெட்டியைக் காட்டி, “தங்கள் சித்தம்” என்றார்.

ராயப்பன் பெட்டியில் கை வைத்தபோது தேவநாதன் குறுக்கே வந்தான்.

“சார், நோட்டீசைக் கொண்ணாந்திருக்கீங்க இல்ல? அதைக் குழாயில படிக்கணுங்க. படிக்காத காகிதம் எங்களுக்கு வந்ததா ஆவாது. ரூல் மூணு.”

“படித்துத் தொலையும்.”

“பாட்டரி விழுப்புரம் போயிருக்குதுங்க. நாலு மணி பஸ்ஸில வரும்.”

ராயப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. கம்பெனிச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. தலைவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டோடு, மாலையில் பேசுவதாக இருந்த முக்கால் மணி நேரத்தையும் தலைவர் அவருக்குத் தனியாகப் பரிமாறிவிட்டார். மூன்றரைக்கு ராயப்பன் தாமாகவே முற்றத்துக்கு ஓடிவந்து மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணி பஸ் நாலே முக்காலுக்கு வந்தது. துரைக்கண்ணு பாட்டரியோடு இறங்கினான். பின்னால் கோவிந்தம்மாள், இடுப்பில் பிஸ்கட் டின். கம்பியை மாட்டினார்கள். குழாய் ஒருமுறை செருமியது.

நோட்டீசை ராயப்பனே படித்தார். மைக் என்றால் யாருக்கும் ஒரு ஆசை. ‘கூட்டிசைவு’, ‘உரித்தாளர்’ என்று அகராதிகூடக் கேட்டறியாத சொற்களாக உதிர்த்து, தொண்டையை இறக்கி ஏற்றி, கடைசியில் “ஆகையினால்!” என்று நிறுத்தினார். முற்றத்துக்கு வெளியே கடைத்தெருக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

“பணம் குடுத்துக்கினுதான இருக்கோம்,” என்றாள் அஞ்சம்மாள்.

“யாரிடம்?”

தேவநாதன் நோட்டை விரித்தான். ராயப்பன் கட்டைவிரல்களைப் பார்த்தார்.

“பாடினவளிடம் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னது?”

இது மைக்கில் போயிற்று. குழாய் வழியாகக் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. ராயப்பனுக்கே அது எப்படி ஒலித்தது என்பது முகத்தில் தெரிந்தது.

“பின்ன யாராண்ட குடுக்கணும் சார்?” என்று கடைத்தெருவிலிருந்து ஒரு குரல்.

“பாடகிக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி முறையாகச் சேர்க்கும். அதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.”

“இருக்குதா?” அஞ்சம்மாள் திரும்பினாள். “கோவிந்தம்மா, டின்னைத் தொற.”

நாலாக மடித்த காகிதம் வந்தது. கோவிந்தம்மாள் அதைத் தேவநாதன் கையில் கொடுத்தாள். “சங்கத்துக்குக் குடுக்கறேம்பா. படி.”

சங்கத்துக்கு வந்த காகிதம். தேவநாதன் மைக் முன் குனிந்தான். சட்ட இங்கிலீஷ் அவனுக்கும் புதிது. முதல் வரியிலேயே மூன்று சொற்களின் கைகால் முறிந்தது. இரண்டாம் வரியில் ஒரு சொல் உயிரையே விட்டது. ராயப்பன் நெளிந்தார். பி.ஏ. படித்தவர், எதையும் பொறுப்பார், இதைப் பொறுக்க முடியவில்லை.

“கொடும் இப்படி! இங்கிலீஷை ஏன் ஐயா கொல்கிறீர்?” என்று பிடுங்கி, கணீரென்று தாமே படித்து, வரிக்கு வரி தமிழும் சொல்லிக்கொண்டு போனார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது ஷரத்துவரை குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆறில் இறங்கியது.

“விற்கிற பிளேட்டு ஒன்றுக்கு... அரையணா வீதமும்... பொது இடங்களில் போடுவதற்கு வருகிற தொகையில் சரிபாதியும்...”

நின்றுவிட்டார்.

“நிறுத்தாதீங்க சார்,” என்றான் தேவநாதன் மிகுந்த மரியாதையோடு. “முழுசாப் படிக்கணும்.”

“...ஆறு மாதத்துக்கு ஒருமுறை... மேற்படி பாடகிக்கு... செலுத்தப்படும்.”

“எத்தினி ஆறு மாசம் ஆச்சு?” என்றாள் அஞ்சம்மாள்.

“பன்னெண்டு!” என்றது கடைத்தெரு.

“மைக்கை அணையுங்கள்,” என்று தலைவர் கிசுகிசுத்தார். அதுவும் குழாயில் கேட்டது.

ராயப்பன் தொப்பியைக் கழற்றினார். கோட்டையும் கழற்றினார். அதற்குள்ளே இருந்த மனிதர் எதிர்பார்த்ததைவிட மெலிந்தவர். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து, தமக்குத் தாமே பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆறாவது ஷரத்தை நானே இன்றைக்குத்தான் படிக்கிறேன். எனக்கே நாலு மாசமாகப் பயணப்படி வரவில்லை.”

குழாய் இதையும் விடவில்லை. சிரிப்பு கிளம்பி, பாதியில் அடங்கியது.

“அட பாவமே,” என்றாள் அஞ்சம்மாள். “இவரும் மேஸ்திரிகிட்ட மாட்டினவருதான். அவருக்குத் தண்ணி குடுங்கடி.”

கோவிந்தம்மாள்தான் செம்பை நீட்டினாள். ராயப்பன் குடித்து முடித்து அவளை நிமிர்ந்து பார்த்தார். கிளி மார்க் கம்பெனிக்காக நாலு வருஷம் ஊர் ஊராகப் போன மனிதர், கிளி மார்க்குக்குப் பாடின ஒருவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“நீங்கள்தானா அம்மா?”

“நான்தாங்க.”

அவர் தோல் பையைத் திறந்து நீளமான ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்தார். அதில் கடைசியில் ஒரு வரி உண்டு: ‘டிக்கெட் வசூலிக்காத தர்ம ஸ்தாபனங்கள் — வருஷத்துக்கு ஒரு ரூபாய், அதோடு தடவைக் கட்டணத்தில் பாதி மட்டும்.’ நாலு வருஷத்தில் அந்த வரியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காத வரியைக் காட்டுவது கம்பெனி வழக்கம் இல்லை. அதில் சங்கத்தின் பெயரை எழுதினார். ‘பாதிக் கட்டணத்தில் பாடகியின் பங்கும் அதற்கு மேலும் நேரில் செலுத்தப்பட்டுள்ளது, ரசீதுகள் பார்க்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இன்னொரு தாளில் கோவிந்தம்மாள் பெயரில் ஆறாவது ஷரத்துப்படி ஒரு கோரிக்கை. அவள் கட்டைவிரலை வைத்தாள். இப்போது அவளுக்கு அது பழக்கமாகியிருந்தது.

“அனுப்புகிறேன். என் வேலை போனாலும் போகும்,” என்றார்.

“பதில் வரலன்னா நாங்க எழுதறோம் சார்,” என்றான் தேவநாதன். “உங்களுக்கு வர வேண்டிய பயணப்படியையும் சேத்தே எழுதறோம்.”

அந்த ஒரு ரூபாயைத் தலைவர் கொடுத்தார். தாம் கொடுப்பதாக மைக்கில் அறிவித்துவிட்டே கொடுத்தார். சங்க சரித்திரத்தில் அவர் மடியிலிருந்து வந்த முதல் ரூபாய் என்பதால் அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு துரைக்கண்ணு ஊசியை மாற்றி அந்தப் பிளேட்டைப் போட்டான். கோவிந்தம்மாள் குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இரண்டாவது அடியில் அவள் கை, நாற்றை எடுத்து ஊன்றுகிற மாதிரி தானாக அசைய ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“நல்லாத்தான் பாடியிருக்கா,” என்றாள், யாரையோ பற்றிச் சொல்வது போல. கொஞ்சம் யோசித்தாள். “மூணாவது அடியில மூச்சு வாங்கிட்டா. கையை ஆட்ட வுட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டா.”

*

தை மாதம் பட்டணத்திலிருந்து மணியார்டர் வந்தது. கோவிந்தம்மாள், மேற்பார்வை ரேடியோ சங்கம். இருபத்துமூன்று ரூபாய், ‘முதல் தவணை’. ராயப்பனுக்கு வேலை போகவில்லை. பயணப்படியும் பாதி வந்ததாகக் கார்டு போட்டிருந்தார்.

தபால்காரர் பணத்தைத் தலைவரிடம் கொடுக்கப் போனார். தலைவரும் இடம் விட்டுக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

“ஐயா!” என்று முற்றத்திலிருந்து அஞ்சம்மாள் குரல் வந்தது. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. தலைவர் பேனாவை மூடினார்.

தபால்காரர் சனிக்கிழமை மறுபடியும் வந்து, நாலு மணி பஸ்ஸுக்காக நாலே முக்கால்வரை காத்திருந்து, அதில் வந்த கோவிந்தம்மாள் கையில் பணத்தை எண்ணி வைத்தார். மணியார்டர் துண்டுச் சீட்டைத் தேவநாதன் குழாயில் படித்தான். தலைவர் உரைக்கு எழுந்தபோது பாட்டரியில் ஏதோ கோளாறு என்றான் துரைக்கண்ணு. தலைவர் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

கோவிந்தம்மாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கம்பத்தடிக் கூடையில் போட்டாள்.

“கும்மிப் பக்கம் போடுப்பா. அதை நான் இன்னும் கேக்கல.”

அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அவிச்சது செல்லாது கோவிந்தம்மா. விக்க முடியாது. பச்சையா போடு. பாடினவளுக்குக் காசு போவணும் இல்ல?”

கோவிந்தம்மாள் முடிச்சை அவிழ்த்து, பக்கத்திலிருந்தவளிடம் காலணாவுக்குப் பச்சை மல்லாட்டை வாங்கிக் கூடையில் போட்டாள்.